நியூட்டன் தலையில் ஏற்றிய வினை

விரல்கள் மூன்று போயின. வலக்கை விரல்கள். வயதோ பத்தொன்பது. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர்ச் சிற்றச்சகம் ஒன்றில், திருமண அழைப்பிதழ்களும் கடைவீதித் துண்டறிக்கைகளும் அச்சிட்டுக்கொண்டிருந்த டிரெடில் பொறியிலே, தாளை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் இரும்புப் பலகை வந்து மூடிக்கொண்டது. நொடியில் ஒரு சிறு பங்கு, அவ்வளவுதான். மருத்துவமனையில், கட்டுப்போட்ட கையைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தான் அந்தத் தம்பி. ஆறுதல் கூற வந்தோர் சூழ்ந்து நின்றோம். வந்தவர்களில் ஒருவர் பெருமூச்செறிந்து, "என்ன செய்வது, எல்லாம் முன்வினை!" என்றார். அது பழைய பாட்டு, வியப்பில்லை. வியப்பு அடுத்து வந்தது. அருகே நின்ற மற்றொருவர், பள்ளியிலே விஞ்ஞானம் கற்பிப்பவர், பட்டம் பெற்றவர், தலையை அசைத்தவாறு, "சாத்திரம் மட்டுமா சொல்லுகிறது? நியூட்டனே சொல்லியிருக்கிறாரே! ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்று" என்றார்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. நோயாளியின் கட்டிலருகே வாதம் புரிவது பண்பல்ல என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன். உண்மை அதுவல்ல, தோழர்களே! பதில் எனக்குத் தெரியாது. அந்த வாசகத்தைத் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவன்தான் நானும். இதற்குப் பொருள் என்னவென்று எவரேனும் கேட்டிருந்தால் திருதிருவென விழித்திருப்பேன். மனப்பாடம் செய்தது மந்திரமானாலென்ன, விதியானாலென்ன? பொருளறியாது ஓதினால் இரண்டும் ஒன்றுதான். அந்த வெட்கம் என்னைப் புத்தகங்களைத் தேட வைத்தது.

நியூட்டன் அப்படிச் சொன்னாரா? சொன்னார். 1687ஆம் ஆண்டு, லத்தீன் மொழியில், 'பிரின்சிபியா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நூலில், இயக்க விதிகள் மூன்றனுள் மூன்றாவதாகச் சொன்னார். ஆக்டியோ, ரியாக்டியோ என்பன அவர் ஆண்ட சொற்கள். அவற்றைத் தமிழில் பெயர்க்க வந்தவர்கள் வினை, எதிர்வினை என்றார்கள். பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் வினை என்ற சொல் நம் மொழியிலே வெறுங்கையோடு வருவதில்லை. இலக்கணத்தில் அது வினைச்சொல். உழைப்பவனுக்கு அது தொழில். புராணிகரின் வாயில் அது பிறவிதோறும் துரத்தும் பழவினை. ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள் குடியிருக்க, முதல் வாசல் வழியாக விஞ்ஞானத்தை உள்ளே அழைத்து, மூன்றாம் வாசல் வழியாக வைதிகத்தை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். விசை, எதிர்விசை என்று சொல்லிப் பாருங்கள், மாயம் மறைந்துவிடும். ஏனெனில் நியூட்டன் பேசியது தள்ளுவதையும் இழுப்பதையும் பற்றியே. செய்த நன்மையையும் தீமையையும் பற்றியல்ல.

அவர் தந்த எடுத்துக்காட்டு எது தெரியுமா? விரல்! கல்லை விரலால் அழுத்தினால், அந்த விரலையும் கல் அழுத்துகிறது என்று விளக்கினார். கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால், குதிரையும் கல்லை நோக்கி அதே அளவு இழுக்கப்படுகிறது என்றார். விரலும் கல்லும், குதிரையும் கயிறும். இவற்றில் எங்கே பாவம்? எங்கே புண்ணியம்?

சொன்னதோடு நின்றவரல்லர். பத்து அடி நீளக் கயிறுகளில் உருண்டைகளை ஊசலாகத் தொங்கவிட்டு, ஒன்றோடொன்று மோதச் செய்து, காற்றின் தடை எவ்வளவு தின்றது என்பதையும் தனியே கணக்கிட்டுக் கழித்து, ஒன்று இழந்த உந்தத்தை மற்றொன்று பெற்றதா என அளந்தார். எஃகு உருண்டைகள் ஏறத்தாழ வந்த வேகத்திலேயே விலகின. இறுக்கிக் கட்டிய கம்பளி உருண்டைகளோ நெருங்கிய வேகம் 9 என்றால் விலகிய வேகம் 5. கண்ணாடியில் 16க்கு 15. பொருளுக்குப் பொருள் துள்ளல் வேறுபட்டது. விசையும் எதிர்விசையும் சமம் என்பதில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லை. காந்தத்தையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் இட்டு, அசையா நீரில் அருகருகே மிதக்கவிட்டும் பார்த்தார். இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒட்டி, அப்படியே நின்றன. ஒன்றின் இழுப்பு மற்றதைவிடச் சற்றே மிகுந்திருந்தாலும், இரு கலங்களும் சேர்ந்து தாமே ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஓடவில்லை.

இந்த நியூட்டன் நாத்திகரல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விவிலியத்தின் கால வரிசையை ஆராய்வதில் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டவர், ரசவாதத்திலும் மூழ்கியவர். நம்மவர் என்று அவரைச் சொந்தம் கொண்டாட நான் வரவில்லை. ஆனால் மூன்றாம் விதியை நிலைநாட்ட வந்தபோது அவர் வேதத்தை விரிக்கவில்லை; ஊசலைத் தொங்கவிட்டார். நமக்கு வேண்டியது அந்த ஊசல்.

விதியைப் படித்த மாணவன் எவனும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மாடு வண்டியை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவே வண்டியும் மாட்டைப் பின்னுக்கு இழுக்கிறது என்றால், வண்டி நகர்வதெப்படி? சமமும் சமமும் எதிரெதிர் நின்றால் கழிந்து பூச்சியமாகிவிடாதோ? அறிவுள்ள கேள்வி! இதைக் கேட்ட மாணவனை உட்காரச் சொல்லும் ஆசிரியர் விஞ்ஞானத்தையே உட்காரச் சொல்லுகிறார்.

விடை இதுதான். இரு விசைகளும் சமம், எதிர், ஆனால் அவை ஒரே பொருளின்மீது விழுவதில்லை. ஒன்று வண்டியின்மீது, மற்றது மாட்டின்மீது. என் கடனையும் உங்கள் வரவையும் கூட்டிக் கழித்து, யாருக்கும் ஒன்றுமில்லை என்று கணக்கெழுத முடியுமா? வண்டி நகருமா என்று அறிய வேண்டுமா? வண்டியை மட்டும் பாருங்கள். அதன்மீது முன்னோக்கி மாட்டின் இழுப்பு. பின்னோக்கி அச்சின் உராய்வும் சக்கரம் புதையும் மண்ணின் தடையும். இழுப்பு மிகுந்தால் நின்ற வண்டி கிளம்பும். மாடு நகருமா என்று அறிய வேண்டுமா? மாட்டை மட்டும் பாருங்கள். வண்டி அதனைப் பின்னுக்கு இழுக்கிறது. குளம்பு மண்ணைப் பின்னுக்கு உதைக்க, மண் மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. ஆம், மாட்டை நடத்துவது மண்! ஐயமிருந்தால் அதே மாட்டை வழுக்கும் களிமண்ணில் நிறுத்திப் பாருங்கள். தசை அதே தசை. வலிமை அதே வலிமை. வண்டி மட்டும் நகராது. தள்ளித்தர மண் மறுத்துவிட்டது.

நின்றுபோன பேருந்துக்குள் அமர்ந்துகொண்டு, முன்னிருக்கையின் முதுகை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் பேருந்து நகராததும் இதனால்தான். கைகள் இருக்கையைத் தள்ள, கால்கள் தரைப்பலகையைப் பின்னுக்குத் தள்ளும். இரண்டும் பேருந்துக்குள்ளேயே அடங்கிவிடும். இறங்கித்தான் தள்ளவேண்டும். (இதனை அரசியலுக்கு உவமையாக்க என் பேனா துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். காரணம் பின்னர் சொல்லுவேன்.)

இனி, மருத்துவமனைக்கு வருவோம். வினைக்கோட்பாட்டினர் வாதத்தில் ஒரு சிறு உண்மை உண்டு; அதை மறைப்பது நேர்மையன்று. தள்ளுகிறவன்மீதே எதிர்விசை விழுகிறது. ஆகவே 'செய்தவனுக்கே திரும்பி வருகிறது' என்பது மேற்பார்வைக்குப் பொருத்தமாகத் தோன்றும். தோற்றம் மட்டுமே அது. சுவரில் கையை ஊன்றுங்கள். நீங்கள் சுவரைத் தள்ளும் அதே கணத்தில் சுவர் உங்களைத் தள்ளுகிறது. முன்னதும் இல்லை, பின்னதும் இல்லை. எது வினை, எது எதிர்வினை என்று பெயரிடுவதுகூட நம் வசதிக்குத்தான். பெயர்களை மாற்றியிட்டாலும் விதிக்கு ஒரு கீறலும் விழாது. வினைக்கோட்பாடோ முன்பின் இல்லாமல் மூச்சுவிடாது. முன்பு செய்தான், பின்பு அனுபவிக்கிறான் என்பதே அதன் உயிர்நாடி. இடையில் பதிவேடு வேண்டும். எழுதிவைக்க ஒருவன் வேண்டும். பிறவி தாண்டித் தேடிப்பிடிக்க ஒரு வழி வேண்டும். மூன்றாம் விதிக்குப் பதிவேடு கிடையாது. கை எடுத்த மறுகணம் சுவருக்கு உங்களை யாரென்றே தெரியாது!

மின்காந்தத் துறையில், தொலைவில் உள்ள மின்னேற்றங்களுக்கிடையே விசை சென்று சேரக் காலம் பிடிக்கும். ஆகவே பின்வந்த அறிஞர்கள் இவ்விதியை உந்த அழிவின்மை என்னும் இன்னும் அகன்ற வடிவில் சொல்லுகிறார்கள், இடையே உள்ள புலமும் உந்தத்தைச் சுமக்கிறது என்கிறார்கள். அந்தத் தாமதத்தைப் பிடித்துக்கொண்டு எவரும் துள்ள வேண்டாம். அது ஒளி பயணம் செய்யும் நேரம். ஒரு பிறவியின் நேரமன்று.

அச்சகத்தில் நடந்ததென்ன? இரும்புப் பலகை விரல்களை அழுத்தியது. விரல்கள் இரும்பை அழுத்தின. அதே அளவு, அதே கணம். வினை செய்தது இரும்பு. எதிர்வினையை ஏற்றதும் இரும்பு. நியூட்டன் சொன்ன கணக்கு அங்கேயே, அந்த நொடியிலேயே, தீர்ந்துவிட்டது. இதில் முற்பிறவியை எங்கே செருகுவது?

ஆனால் இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எலும்பு நொறுங்கியது. இங்கேதான் இவ்விதியின் மிக நுண்ணிய பகுதி இருக்கிறது. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். விசை சமம்; விளைவு சமமன்று. 4 கிலோகிராம் துப்பாக்கியிலிருந்து 10 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், துப்பாக்கி நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தோளை உதைக்கிறது. எதிரே நிற்பவன் சாகிறான். சுட்டவன் தோளைத் தடவிக்கொள்கிறான். 10,000 கிலோகிராம் லாரி ஒன்று, ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் உள்ள மிதிவண்டியின்மீது மோதுகிறது. மிதிவண்டி லாரியின்மீது செலுத்திய விசை, லாரி மிதிவண்டியின்மீது செலுத்திய விசைக்கு இம்மியும் குறைந்ததன்று. எனினும், அந்த மோதலால் மிதிவண்டிக்காரரின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் மாறினால், லாரியின் வேகம் நொடிக்கு 8 சென்டிமீட்டர்தான் மாறும். ஓட்டுநர் ஓசையால்தான் அறிவார், உடலால் அறியமாட்டார்.

"இருவரும்தானே மோதிக்கொண்டார்கள், இருவருக்கும் ஒரே அடிதானே" என்று எவரேனும் நடுநிலை பேசினால் என்ன சொல்வீர்கள்? அடி ஒன்றுதான், ஐயா; நிறை வேறு என்பீர்கள். மெலிந்தவனும் வலியவனும் மோதும்போதெல்லாம் இந்த நடுநிலைக் குரல் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். கேட்டவுடன் நம் உள்ளம் பொங்கி, பார், நியூட்டனே நம் பக்கம் என்று முழங்கத் தோன்றுகிறது. நில்! அங்கேதான் நான் பேனாவை அடக்கிக்கொண்டேன். கட்டிலருகே நின்ற அந்த ஆசிரியர் செய்ததும் இதுவன்றி வேறென்ன? தாம் முன்பே நம்பியதற்கு இயற்கையைச் சாட்சிக்கு இழுத்தார். நாம் நம்புவது நல்லதாயிருக்கலாம். அதற்காக லாரியையும் மிதிவண்டியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் முறை ஒன்றுதான். எளியவனுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பதற்குக் காரணம் இயக்க விதியன்று. அவனுக்கு வலிக்கிறது என்பதும், அவன் நம்மைப்போல் மனிதன் என்பதும்தான். விசை சமமாயினும் சேதம் சமமன்று என்னும் செய்தி, எங்கே தடுப்பு அமைப்பது என்று நமக்குக் காட்டும். அமைக்க வேண்டும் என்ற முடிவை நாம்தான் எடுக்க வேண்டும்.

இவ்விதியைக் கொடுமைக்குத் துணையாக அழைப்போரும் உண்டு. கலவரம் மூளுகிறது, குடிசைகள் எரிகின்றன, எரித்த கூட்டத்துக்காகப் பேச வருகிறவர், "இது எதிர்வினை, இயற்கை விதி, யாரால் தடுக்க முடியும்?" என்கிறார். எத்தகைய விஞ்ஞான வேடம்! கல்லை உதைத்தால் கல் காலை அழுத்தும். அழுத்தாமலிருக்கக் கல்லால் முடியாது. உதைத்த காலையன்றி அடுத்த தெருவில் உறங்கும் ஒருவன் காலை அழுத்தவும் அதனால் முடியாது. பழிவாங்கும் கூட்டமோ நேற்று நடந்ததற்கு இன்று புறப்படுகிறது. செய்தவனை விட்டுவிட்டு, அவன் சாதியிலோ மதத்திலோ பிறந்த வேறொருவனைத் தேடுகிறது. ஒன்றுக்குப் பத்தாகக் கொளுத்துகிறது. காலம் சமமன்று, அளவு சமமன்று, ஆளும் அவனல்லன். மூன்றாம் விதியின் எந்தச் சொல் இங்கே பொருந்துகிறது? அடிபட்டதற்கும் அடிப்பதற்கும் இடையே ஓர் இரவு இருந்ததே, அந்த இரவில் அவர்கள் கூடிப் பேசினார்களே, தீப்பந்தம் திரட்டினார்களே! கல்லுக்கு அந்த இரவு கிடையாது.

கற்றோரே தடுமாறுவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கோடார்ட் என்ற பேராசிரியர் இருந்தார். ராக்கெட்டால் மிக உயரத்தை எட்டும் வழிபற்றி அவர் எழுதிய ஆய்வுரையை ஸ்மித்சோனியன் நிறுவனம் 1919 என்ற ஆண்டு பொறித்து வெளியிட்டது. 1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் தலையங்கப் பக்கத்தில் அவரை எள்ளி நகையாடியது. காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் எதைத் தள்ளி முன்னேறும்? வினைக்கும் எதிர்வினைக்கும் உள்ள உறவை இந்தப் பேராசிரியர் அறியவில்லையே! உயர்நிலைப் பள்ளியில் நாள்தோறும் கற்பிக்கப்படும் அறிவுகூட இவருக்கு இல்லையே! இதுவே அந்த ஏளனத்தின் சாரம்.

ராக்கெட் காற்றைத் தள்ளிப் போவதில்லை. எரிந்து விரியும் வாயுவைத் தள்ளிப் போகிறது. எரிகலத்துக்குள் வாயு எத்திசையும் முட்டுகிறது, முன்சுவரில் முட்டுவதற்கு ஈடாகப் பின்புறம் சுவரில்லை, வாய் திறந்திருக்கிறது, கலம் முன்னே தள்ளப்படுகிறது. வாயுவைக் கலம் தள்ள, கலத்தை வாயு தள்ள, அந்த இருவர் போதும். மூன்றாமவரான காற்று வெறும் இடையூறு. காற்றை வெளியேற்றிய கலத்தில் ராக்கெட்டை எரித்துப் பார்த்து, உந்துவிசை குறையவில்லை என்பதை கோடார்ட் முன்பே கண்டிருந்தார். அந்தச் சோதனை அவருடைய ஆய்வுரையிலேயே இருந்தது. அதற்கும் முன்னரே, 1903இல், ரஷ்யாவில் கலூகா என்ற ஊரில், சிறு வயதிலேயே செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்துவிட்ட பள்ளி ஆசிரியர் ஒருவர், சியோல்கோவ்ஸ்கி என்பார், வெளியேறும் வாயுவின் வேகமும் எரிபொருளின் விகிதமும் தெரிந்தால் ராக்கெட்டின் வேகத்தைக் கணிக்கலாம் என்று கணக்கிட்டு வெளியிட்டிருந்தார். பள்ளி ஆசிரியர்களில் அவரும் ஒருவர்தான்.

கோடார்ட் 1926 மார்ச் 16 அன்று திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். இரண்டரை நொடிப் பயணம். 41 அடி உயரம். 1945இல் அவர் மறைந்தார். 1969 ஜூலை 16 அன்று, நொடிக்கு ஏறத்தாழ 13 டன் எரிபொருளையும் ஆக்சிஜனையும் விழுங்கிய சாட்டர்ன் ராக்கெட், மூன்று மனிதரைச் சுமந்து நிலவை நோக்கிக் கிளம்பியது. மறுநாள், ஜூலை 17 அன்று, அதே நாளிதழ் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டது: ராக்கெட் வெற்றிடத்திலும் இயங்கும் என்பது உறுதியாகிவிட்டது, பிழைக்கு வருந்துகிறோம் என்ற பொருளில். நாற்பத்தொன்பது ஆண்டு கழித்து! உரியவர் இறந்து இருபத்து நான்கு ஆண்டு கழித்து! நகைக்கலாம். ஆயினும், நாம் பிழை செய்தோம் என்று அச்சிட்டார்களே, அந்த நான்கு வரிக்கு நான் தலை வணங்குகிறேன். முன்வினை என்று சொன்னவர் எவரேனும் எந்த ஆண்டிலேனும் திருத்தம் வெளியிட்டதுண்டா? வெளியிட வழியே இல்லை. எந்தப் பிறவியில் என்ன செய்தான் என்று சோதிக்க எந்த ஊசலைத் தொங்கவிடுவது?

சோதிக்க முடியாத சொல் தீங்கற்றது என்று நினைத்துவிட வேண்டாம். வேலையின்போது விபத்தில் சிக்கிய தொழிலாளிக்கு இழப்பீடு தரவேண்டும் என்ற சட்டம் 1923லேயே இந்நாட்டில் வந்துவிட்டது. பொறிகளின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21ஆம் பிரிவில் கூறியது. அன்று அந்தக் கட்டிலைச் சூழ நின்ற எங்களில் ஒருவர்கூட அவனிடம் இவற்றைச் சொல்லவில்லை. தடுப்பில்லாப் பொறியைப் பற்றி எவரும் கேட்கவில்லை. உரிமையாளரின் பெயரை எவரும் எடுக்கவில்லை. வினை என்று ஒருவர் சொன்னதும், அதை விஞ்ஞானம் என்று மற்றொருவர் உறுதி செய்ததும், கேட்கவேண்டிய கேள்விகளெல்லாம் அறையைவிட்டு வெளியேறிவிட்டன. தவறு செய்தவன் அவனே என்றாகிவிட்டது. அவனும் அதை நம்பினான். இழப்பீடு கேட்டு ஒரு வரியும் எழுதவில்லை.

மறு ஆண்டு அதே அச்சகத்துக்குப் போனேன். இடக்கையால் அச்சுக் கோக்கப் பழகிக்கொண்டிருந்தான். டிரெடில் பொறியின் முன்னே புதிதாக ஒரு தடுப்புக் கம்பி பொருத்தியிருந்தார்கள். பலகை மூடவரும்போது கையைப் புறந்தள்ளிவிடும். அவனே எழுந்து வந்து அதை எனக்கு இயக்கிக் காட்டினான்.